கன்று வேண்டாம், வேலி வேண்டும்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், வெளியூர்களில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நமது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் 8 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. அதைப் பிள்ளைகளின் தோட்டமாக்க நன்கொடை கேட்டு வருகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: தயவுசெய்து யாரும் மரக்கன்று கொண்டுவர வேண்டாம்.

சென்ற ஆண்டு 40 கன்றுகள் வந்தன. நட்டோம், படமும் எடுத்துக்கொண்டோம். உடைமுள்ளை வெட்டிவந்து நாங்களே வேலி அடைத்தோம். தை பிறப்பதற்குள் முள்ளைக் கறையான் அரித்துவிட்டது. சந்து கிடைத்ததும் வெள்ளாடுகள் உள்ளே வந்தன. அவற்றுக்குத் தப்பிய வேம்பும் புங்கும், கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நின்றபிறகு பங்குனி வெயிலில் காய்ந்துபோயின. ஆட்டுக்காரர்கள் மேல் குற்றமில்லை. தண்ணீருக்கு வழி பார்க்காமல் நட்டது நாங்கள்தான்.

இன்று அங்கே நிற்பவை ஒரு முருங்கையும், பிள்ளைகள் சாப்பிட்ட தட்டு கழுவும் தண்ணீரில் பிழைத்துக்கொண்ட ஒரு கறிவேப்பிலையும் மட்டுமே. அந்தக் கறிவேப்பிலைதான் எங்களை மறுபடியும் இந்த வேலையில் இறக்கியது. ஆடி மாதம் அதன் இலையில் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போன நான்காம் வகுப்புச் சிறுமி, அது நகர்வதைக் கண்டு அலறினாள். மருந்தடிக்கலாம் என்றார் ஒருவர். ஆசிரியை விடவில்லை, தினமும் பார்த்து எழுதிவரச் சொன்னார். எச்சம் பச்சைப் புழுவாயிற்று, புழு கூட்டுக்குள் ஒடுங்கியது, ஒரு நாள் காலையில் கறுப்பும் மஞ்சளுமாக இறகு விரித்துப் பறந்தது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கப் படமாக இருப்பதை, மூன்று வாரம் காத்திருந்து பார்த்தார்கள் பிள்ளைகள்.

ஒரு செடிக்கே இவ்வளவு என்றால், நிலக்கடலைப் பாத்தி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்! பூ மேலே பூக்கும். காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும். பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கும் பாக்டீரியாக்களின் வீடு அவை. பூசணியில் ஆண் பூ எது, பெண் பூ எது என்று பிரித்து, விடிகாலையில் தாங்களே மகரந்தம் தொட்டுவைக்கலாம். மணல் குவித்துப் பனங்கொட்டை புதைத்தால், தைப் பொங்கலுக்குக் கிழங்கு. பனை முதலில் மேலே முளைக்காது, கீழேதான் இறங்கும் என்பதை மண்ணைத் தோண்டித் தெரிந்துகொள்வார்கள். ஈரமான மூலையில் கொஞ்சம் கோரையும் வைப்போம். பத்தமடைப் பாய் எந்தப் புல்லில் முடைகிறார்கள் என்று கேட்டால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளே விழிக்கிறார்கள்.

‘மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?’ என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை, அறிவியல் ஆசிரியரோடு. அதற்கு மேல் கிடையாது. குழி வெட்டுவதும் உரம் சுமப்பதும் பெரியவர்களான எங்கள் வேலை.

செலவுக் கணக்கு இது: கல்தூண் நட்டுக் கம்பிவலை வேலி அமைக்க 44,000 ரூபாய், இரும்புக் கதவுக்கு 6,000, ஆயிரம் லிட்டர் தொட்டி, அதற்கு மேடை, குழாய் எல்லாம் சேர்த்து 15,000. ஆக மொத்தம் 65,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் போட்டதும் ஊரில் இதுவரை திரட்டியதுமாக 18,500 கையில் இருக்கிறது. இன்னும் 46,500 வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தூண் நட முடியாது. பனங்கொட்டையும் அதற்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். ஆகவே புரட்டாசி 15-க்குள் கிடைத்தால் பெரிய உதவி.

பணத்தைத் தலைமை ஆசிரியர் அறையில் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மாணவர்கள் குழுவின் வங்கிக் கணக்குக்கும் அனுப்பலாம். 50 ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணமாக முடியாதவர்கள் ஒரு வண்டித் தொழுவுரம், வீட்டில் எடுத்துவைத்த அவரை, பீர்க்கு, புடலை விதை, ஒரு நாள் உழைப்பு, எது தந்தாலும் சரி. பெயர் பொறித்த கல்வெட்டு வைப்பதாக இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு தூண் கூடுதலாக நடலாம்.

கன்றுகளை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளித் தோட்டக் குழுவினர்