கட்டையைக் குறைத்தால் குறைச்சல் இல்லை, சாரதா

அன்புள்ள சாரதா,

கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மூன்று பதிவுகளையும் கேட்டேன். ஓய்வு பெற்ற கையோடு தம்பூராவைத் தூசி தட்டி எடுத்துவிட்டாயே, ரொம்ப சந்தோஷம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானாமே. இனி சாதகத்துக்கு உட்கார்ந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

‘குரலே போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறாய். போகவில்லை. ச ரி க ம ப என்று பஞ்சமம் வரைக்கும் கனமாக, நிதானமாக நிற்கிறது. அடுத்த ‘த’வை, தைவதத்தைத் தாண்டும்போதுதான் கழுத்து இறுகுவது காதிலேயே தெரிகிறது. மேல் ‘ச’வில், அந்த மேல் ஷட்ஜத்தில் பிசிறு தட்டுகிறது, அதற்கு மேல் காந்தாரத்தைத் தொட்டதும் உடைகிறது. கல்லூரி நாட்களில் ஆதார சுருதியின் உயரமாக வைத்த ஐந்தரைக் கட்டையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய். மற்ற எதையும் பேசுவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்வோம்.

ஐந்தரைக் கட்டையில் உன் ஆதார ஷட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 415. அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் அளவே உள்ள இரண்டு சதை மடிப்புகள், நம் குரல் நாண்கள், ஒரு வினாடிக்கு 415 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் காந்தாரத்தில் அது 519. நாலரைக்கு இறங்கினால் ஆதார ஷட்ஜம் 185, மேல் காந்தாரம் 462. பாட்டு அதேதான், ஸ்வரத்தை அசைக்கிற கமகம் அதேதான், ஆனால் உச்சியில் வினாடிக்கு ஐம்பதுக்கு மேல் மோதல் குறைகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் குரல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஹார்மோன் மாறும்போது குரல் நாணும் மாறுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டையைக் குறைத்தால் வித்வத்து குறைந்துவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

எந்தக் கட்டை என்பதைச் சாயங்காலத்தில் பார். காலையில் எழுந்ததும் நாண் சற்று உப்பியிருக்கும், குரல் இறங்கியிருக்கும், அந்தக் கணக்கை நம்ப முடியாது. சுருதிப் பெட்டியை நாலரையில் வைத்து கீழ் ஸ்தாயியின் மந்தர பஞ்சமத்தை மெதுவான அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று, ஐந்து வினாடி நிறுத்து. உறுமல் இல்லாமல் கேட்கிறதா? அடுத்து மேல் மத்திமத்தைப் பிடித்துப் பார். மோவாய் மேலே தூக்குகிறதா என்று கண்ணாடியில் கவனி. இரண்டும் சரியாக வந்தால் அதுதான் உன் கட்டை. கீழே வெறும் காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்று, மேலே மோவாய் தூக்கினால் அரைக் கட்டை இறக்கு. மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு செய். ஒரு நாள் கணக்கு ஏமாற்றும்.

சுருதியை இறக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பெரும்பாலான பெண்களுக்கு 300-லிருந்து 350 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குரல் கியர் மாற்றும். அதற்குக் கீழே நாண் தடிமனாக முழு உடம்போடு அதிரும். மேலே போகப்போக நீண்டு மெலிந்து, விளிம்பு மட்டும் அதிரப் பார்க்கும். ஐந்தரைக் கட்டையில் இந்த இடம் சரியாகப் பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில் விழுகிறது. நீ திணறுவதும் அங்கேதான். நாலரையில் அது தைவதம் நிஷாதத்துக்கு நகரும், அவ்வளவுதான். நம் சங்கீதத்தில் கள்ளக்குரல் கூடாது என்று சொல்லிச் சொல்லி, கீழே இருக்கிற அதே கனத்தை மேல் காந்தாரம் வரை தூக்கிக்கொண்டு போகப் பழகிவிட்டோம். கள்ளக்குரல் கூடாது என்பது சரி. திடீரென்று மெலிந்து காற்றாகிற குரல் கேட்க நன்றாயிருக்காது. ஆனால் அதற்குப் பதில் கனத்தைச் சுமப்பதல்ல. ஏற ஏறக் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும், மாற்றம் தெரியாதபடி.

அதற்கு மேலிருந்து கீழே வருவதுதான் வழி. நாம் எப்போதும் கீழிருந்து மேலேதான் சாதகம் செய்கிறோம். நீ மேல் ஷட்ஜத்தில் ‘ஊ’ என்று, பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடாத அளவுக்குச் சின்னதாகத் தொடங்கு. அங்கிருந்து நி, த, ப என்று வழுக்கிக்கொண்டு இறங்கு, அந்த லேசான தன்மையை விடாமல். பஞ்சமம் வந்ததும் சத்தத்தை மட்டும் சிறிது கூட்டு. ஐந்து தடவை போதும். முதல் வாரம் தைவதத்தருகே ‘டக்’ என்று உடையும். உடையட்டும், அழுத்தி மறைக்காதே. மறைத்தால் பழைய பழக்கம் திரும்பிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் உடைப்பு மழுங்கும். பிறகு அதையே ‘ஓ’வில், கடைசியில் ‘ஆ’வில் செய். ‘ஆ’தான் கடினம், அதனால் அது கடைசி.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பாய். ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்றை எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, அதன் வழியாகக் குரல் கொடு. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், பஞ்சமத்திலிருந்து ஷட்ஜம், வழுக்கி வழுக்கி. பிறகு மேல் ஷட்ஜம் வரை. மொத்தம் ஐந்து நிமிடம். வாய்ப் பக்கம் குறுகியிருப்பதால் நாணுக்கு மேலேயும் காற்றழுத்தம் கூடுகிறது. கீழிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்கிக்கொள்வதால் நாண்கள் அறைந்துகொள்ளாமல் மெத்தென்று அதிர்கின்றன. இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இதை விரிவாக ஆராய்ந்து பரப்பியவர். குமிழி சீராக வந்தால் மூச்சு சீராக இருக்கிறது. ஏறும்போது குமிழி நின்றால் தொண்டையை அடைத்துவிட்டாய் என்று பொருள். குமிழி கொதிக்கிற மாதிரி வந்தால் காற்றை அதிகமாகத் தள்ளுகிறாய். நடுவில் மூக்கைப் பிடித்துப் பார், ஒலி மாறினால் காற்று மூக்கு வழியாக நழுவுகிறது. வேறு எந்த வாத்தியாரும் இவ்வளவு நேர்மையாகத் தப்பைச் சொல்லமாட்டார், டம்ளர் சொல்லும்.

வாத்தியார் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குரல் நாண் வேலை செய்வதை முதன்முதலாகத் தன் தொண்டைக்குள்ளேயே கண்டு விரிவாக எழுதியவர் ஒரு பாட்டு வாத்தியார், டாக்டர் இல்லை. 1854-ல் மானுவெல் கார்சியா பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, வெயிலை இன்னொரு கண்ணாடியால் உள்ளே திருப்பிப் பார்த்தார். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் பிறகு அதை எடுத்துக்கொண்டார்கள்.

மூச்சுக்கு வருகிறேன். ‘நாபியிலிருந்து பாடு’ என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாபியில் ஒலி பிறப்பதில்லை, அங்கே செய்ய வேண்டியது காற்றை நிதானமாக விடுவது மட்டும். மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வை. மூச்சு இழுக்கும்போது புத்தகம் எழ வேண்டும், தோள் எழக்கூடாது. அதே அசைவை உட்கார்ந்து கொண்டுவா. விலா எலும்பின் கீழ்ப் பக்கம் இரண்டு கைகளையும் வைத்தால் பக்கவாட்டில் விரிவது தெரியும். பிறகு ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக விடு. இருபது வினாடி வந்தால் நல்லது, முப்பது வந்தால் ரொம்ப நல்லது. இதில் போட்டி வேண்டாம். பெரிய சங்கதிக்கு முன்னால் நீ நெஞ்சு முட்ட மூச்சை இழுக்கிறாய், முதல் பதிவிலேயே கேட்கிறது. அவ்வளவு நிரப்பினால் அழுத்தம் தாங்காமல் தொண்டை தானாகவே மூடும். முக்கால் அளவு போதும். சாகித்தியத்தில், பாட்டின் சொற்களில், எங்கே மூச்சு எடுப்பது என்பதைப் பென்சிலால் குறித்துவிடு. பதம் முடிகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும், சொல்லின் நடுவே எடுத்தால் அர்த்தமே மாறும்.

அகாரம் உனக்கு மூக்கில் போகிறது. சோதனை எளிது. ‘ஆ’ என்று பாடிக்கொண்டே மூக்கை இரண்டு விரலால் மூடித் திற. ஒலி மாறக்கூடாது. ‘ம’, ‘ந’, ‘ங’ மாறும், அது இயற்கை. ‘ஆ’ மாறினால் அண்ணத்தின் பின்பகுதி தொங்குகிறது. கொட்டாவி தொடங்கும்போது உள்ளே ஒரு தூக்கல் வருமே, அந்த நிலையை நிறுத்தி, நாக்கு நுனியைக் கீழ்ப் பல்லின் பின்புறம் தொட்டபடி படுக்கவிட்டு, தாடையை ஒரு விரல் அளவு தளர்த்திப் பாடு. மேல் ஸ்தாயியில் ‘ஈ’யும் ‘ஊ’வும் வந்தால் வாயை இன்னும் சற்றுத் திற. ‘ஈ’ கொஞ்சம் ‘ஏ’ பக்கம் சாயும், கேட்பவருக்கு ‘ஈ’யாகவே கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தமான ‘ஈ’ சொன்னால் குரல் கம்பிபோல் வரும்.

சரளி வரிசையைப் ‘பாலபாடம்’ என்று தள்ளாதே. அதைப் பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தில் ஷட்ஜம் ரிஷபம், காந்தாரம் மத்திமம், பஞ்சமம் தைவதம், நிஷாதம் ஷட்ஜம் எல்லாம் ஒட்டியிருக்கும். ரிஷபம் காந்தாரமும், தைவதம் நிஷாதமும் நன்றாகத் தள்ளியிருக்கும். ஒட்டுவதும் தாண்டுவதும் மாறிமாறி வருவதால் காதும் நாணும் ஒரே நேரத்தில் பழகும். மெட்ரோனோமை 60-ல் வை. முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. முதலில் ஸ்வரப் பேரோடு, பிறகு அகாரத்தில். அகாரத்தில் இரண்டு தப்பு நேரும். ஒன்று, ஸ்வரங்களுக்கு நடுவே ‘ஹ’ புகுந்து ஆ-ஹா-ஹா ஆகும், அது காற்று ஒழுகுவது. இன்னொன்று, சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் மேலே நழுவும். மூன்றாம் காலத்தில் இவை வந்தால் உடனே முதல் காலத்துக்குத் திரும்பு. வேகத்தில் தப்பைத் திருத்த முடியாது, அது பதிந்துவிடும். வேகமாக உருளும் பிருகாவும் இப்படித்தான் வரும்.

சாதகத்துக்குக் கீபோர்டு வைத்துக்கொள்ளாதே. அதில் உள்ள அந்தர காந்தாரம், தம்பூரா நாதத்துக்குள்ளே தானாக ஒலிக்கிற காந்தாரத்தைவிட 14 சென்ட் கூட. நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு அரை ஸ்வரம் என்றால் பார்த்துக்கொள். தம்பூராவும் உன் குரலைவிடச் சற்றுக் குறைவாகவே ஒலிக்கட்டும். பெட்டி சத்தமாக இருந்தால் அதோடு சண்டை போடுவாய். ஸ்வரத்தை ஆட்டுகிற கம்பிதம் பிடிக்கும்போது தாடை ஆடுகிறதா என்று கண்ணாடியில் பார். உன் பதிவில் ‘வாவ்வாவ்’ என்று கேட்கிறது, அசைவது தாடைதான் என்று நினைக்கிறேன். இரண்டு விரலால் தாடையை லேசாகப் பிடித்துக்கொண்டு அதே கமகத்தைப் பாடினால் வேலை தொண்டைக்குப் போய்விடும்.

நேரக் கணக்கு: காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது. ஒரே மூச்சில் நாற்பதைவிட இது எவ்வளவோ மேல். காலையில் ஸ்ட்ரா ஐந்து நிமிடம், பிறகு மந்தர ஸ்தாயிக் கார்வைகள், ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது. ஷட்ஜத்திலிருந்து ஒவ்வொன்றாக மந்தர பஞ்சமம் வரை, எட்டு வினாடி ஒவ்வொன்றும், சின்னச் சத்தத்தில். காலையில் மேல் ஸ்தாயி வேண்டவே வேண்டாம். மாலையில் ஸ்ட்ரா, ‘ஊ’ இறக்கம், சரளி அல்லது ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை, கடைசி ஐந்து நிமிடம் ஒரு கிருதியின் உச்சி வரி மட்டும். அந்த வரியை முதலில் ஸ்ட்ராவில், அடுத்து ‘ஊ’வில், அடுத்து அகாரத்தில், கடைசியாகச் சாகித்தியத்தோடு. எந்தப் படியில் கழுத்து இறுகுகிறதோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடு. நவராத்திரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, முதல் மாதம் முழுப் பாட்டே பாடாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

மிளகுப் பால், அதிமதுரம், பனங்கற்கண்டு பற்றிக் கேட்டிருந்தாய். இதமாக இருக்கும், சாப்பிடு. ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை, அது வேறு குழாயில் போகிறது. தொட்டால் புரையேறிவிடும். குடிக்கிற தண்ணீர் உடம்பெல்லாம் சுற்றித்தான் நாணுக்கு வரும், ஆகவே பாட உட்காரும்போது மடக் மடக்கென்று குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். நேராக நாணுக்குப் போவது ஆவி மட்டும்தான்; தைலம் போடாமல் வெறும் வெந்நீர் ஆவி ஐந்து நிமிடம். செருமுகிற பழக்கத்தை விடு. ஒவ்வொரு செருமலும் நாண்களை ஓங்கி அறைவது. எச்சிலை விழுங்கு, அல்லது ஒரு வாய் தண்ணீர். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு ஆகாது. மரத்துப்போகச் செய்கிற மிட்டாயைப் போட்டுக்கொண்டு பாடாதே, வலி தெரியாமல் புண்ணாக்கிக்கொள்வாய். காலையில் கரகரப்பும் வாயில் புளிப்பும் இருந்தால் இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடி. கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுத் தொண்டை டாக்டரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிடு.

அடுத்த பதிவை நாலரைக் கட்டையில், சாயங்காலம், போனை ஒரு கை தூரத்தில் வைத்து அனுப்பு. மேல் ஷட்ஜத்தில் தொடங்கும் ‘ஊ’ இறக்கம் ஐந்து தடவை, பிறகு சரளி முதல் வரிசை இரண்டு காலம். கிருதி வேண்டாம். நடுவில் பேரன் அழுதால் பதிவை வெட்டாதே. அவன் எந்தக் கட்டையில் அழுகிறான் என்று பார்க்க எனக்கு ஆசை.

அன்புடன்,
உன் தோழி வசந்தா