அந்த நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

உங்கள் சர்க்கரை நோட்டைப் பார்த்துவிட்டேன். மருந்துச் சீட்டைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது கையில் கிடைத்தது. ஆறு வாரத்துக்கான எண்கள்: 112, 118, 124, 116. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே அமர்வில் எழுதி முடித்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த மீட்டரை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். கடைசி எண் 268. தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது.

எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு இந்த நோய் வந்த மூன்றாம் வருடம், மருத்துவமனை வரிசையில் காத்திருந்தபடியே இரண்டு மாதத்து எண்களை எழுதி நிரப்பியவள் நான். உங்களைவிடக் கெட்டிக்காரி, நடுவில் பேனாவை மாற்றினேன்.

பிறகு அந்த மீட்டரில் இன்னும் பின்னால் போனேன். அங்கேதான் சிரிப்பு நின்றது. இரவு 2.40 மணிக்கு 52, சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது. 2.55-க்கு 61. 3.10-க்கு 88. 3.30-க்கு 134. இன்சுலின் ஆரம்பித்த பிறகு வந்த ஓர் இரவு. வீடே தூங்கிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் வியர்த்து நடுங்கியபடி நான்கு முறை விரலைக் குத்திக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து எல்லா எண்ணும் 240-க்கு மேல். சில நாளில் அதுவும் நின்றுபோய், நோட்டில் மட்டும் எண்கள் அழகாகிவிட்டன.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு, “எழுத வேண்டுமென்றால் எழுது, என் பெயரைப் போடாதே” என்றீர்கள். நேரில் பேசினால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் மருத்துவர் உங்கள் நோட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு அக்கறையே இல்லை” என்றாராம். அந்த ஒரு வார்த்தையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கறை இல்லாதவர் வெற்று நோட்டையே நீட்டியிருப்பார். உட்கார்ந்து பொய் எண் எழுதுகிறவர் பயந்தவர், வெட்கப்பட்டவர், களைத்துப்போனவர்.

ஆனால் அந்தப் பொய்யால் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனையில் 9.4 சதவீதம் என்று வந்தது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கின்றன; அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதுதான் அந்தப் பரிசோதனை. நோட்டு என்ன சொன்னாலும் அது தன் கணக்கைச் சொல்லிவிடும். 9.4 என்றால் அன்றாடச் சராசரி 220-ஐ ஒட்டி. மருத்துவர் இன்சுலினில் நான்கு யூனிட் கூட்டிவிட்டார். நீங்கள் பாதி நாள் ஊசியே போடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. 52 வந்த இரவும் தெரியாது. நாளைக்கே மனம் மாறி, சொன்ன அளவு முழுவதையும் ஒழுங்காகப் போட்டால், எந்த இரவுக்குப் பயந்து இவ்வளவும் செய்தீர்களோ அந்த இரவே திரும்பி வரும். ஆகவே வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். என்ன அளவு போடுவது என்று இன்றே அவரை அழைத்துக் கேளுங்கள்.

சர்க்கரை இறங்கிவிடுமோ என்கிற பயம் கோழைத்தனம் அல்ல. அது மருத்துவம் அறிந்த ஒன்று. அந்தப் பயத்தில் வேண்டுமென்றே சர்க்கரையை உயரத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். இதில் ஒரு குழப்பமும் உண்டு. படபடப்பு, நடுக்கம், வியர்வை இவையெல்லாம் சர்க்கரை இறங்கும்போதும் வரும், வெறும் பதற்றத்திலும் வரும். இரண்டிலும் உடம்பு சுரப்பது அட்ரினலின் என்ற ஒரே ஹார்மோன்தான். அது எதற்காகச் சுரந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? மீட்டரைத்தான் கேட்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி ஒரு சோதனை. நீங்கள் அந்த இரவில் யாரும் சொல்லாமலே கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இன்சுலினின் வகையை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், சர்க்கரை இறங்கும் முன்பே ஒலி எழுப்பும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொள்ளலாம். இவற்றில் எது உங்களுக்கு என்று முடிவு செய்ய, மருத்துவருக்கு அந்த 52 தெரிந்திருக்க வேண்டும்.

“ஊசி வரைக்கும் போய்விட்டது” என்று அடிக்கடி சொல்கிறீர்கள், ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி. பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இருபது வருடம் நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படும்போதே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கும், பிறகும் அது குறைந்துகொண்டே வரும் என்று அதில் தெரிந்தது. நீங்கள் ஒழுங்காக இருந்திருந்தாலும் பெரும்பாலும் ஊசி வந்திருக்கும். அது நோயின் போக்கு, உங்கள் மதிப்பெண் அல்ல.

இந்தச் சோர்வுக்குப் பெயர் உண்டு என்பதை நானே தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். நீரிழிவு மனச்சுமை என்று சொல்லலாம். 1995-இல் வில்லியம் பொலோன்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் இதை அளக்க 20 கேள்விகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 40-ஐத் தொட்டால் சுமை கடுமையானது. எனக்கு 56.25 வந்தது. என் வாழ்க்கையில் ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்தது அன்றுதான். நான் சோம்பேறி இல்லை என்று ஒரு தாள் சொன்னது. மனச்சோர்வு நோய் இதிலிருந்து வேறு. அது சர்க்கரையோடு நிற்காது. தூக்கம், பசி, பேரப்பிள்ளைகளின் சிரிப்பு எல்லாவற்றின் மீதும் சாம்பல் பூசும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. உங்களுக்கு இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்று சொல்ல நான் ஆள் இல்லை.

மனதுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நீண்ட துயரத்தால் இந்த நோய் வருகிறது என்று எழுதினார். காரணமே அதுதான் என்றது சரியில்லை. ஆனால் கவலையில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது; எதுவும் சாப்பிடாமலேயே எண் உயர்கிறது. அதைப் பார்த்து இன்னொரு கவலை.

சியாட்டிலில் வெய்ன் கேட்டன் குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நீரிழிவோ இதய நோயோ இருந்து, மனச்சோர்வும் சேர்ந்த 214 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு, மருத்துவரோடு சேர்ந்து ஒரு செவிலியர் தொடர்ந்து பேசி, மனதையும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஒன்றாகக் கவனித்தார். பன்னிரண்டு மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்ற மறு பாதியைவிட அவர்களுக்கு மனமும் தேறியது, எண்களும் தேறின. வேலையின் பெரும்பகுதி ஒரு செவிலியரின் அக்கறையான விசாரிப்பு. நமக்கு அந்த வசதி வாய்க்காவிட்டாலும், அதே மருத்துவரிடம் “மனசு சரியில்லை” என்று ஒரு வாக்கியம் சொல்லலாமே.

மருந்து தருவதாகச் சொன்னால் பயந்துவிட வேண்டாம். மனச்சோர்வு மருந்துகளில் சில எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், பல அப்படிச் செய்யாது. உங்கள் காலெரிச்சலுக்கும் சேர்த்தே உதவுவதும் உண்டு. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். அந்தக் குறைவே சோர்வையும் மனத்தளர்ச்சியையும் தரும். அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

“இருந்து என்ன ஆகப்போகிறது” என்று எப்போதாவது தோன்றியிருந்தால், அதையும் கேட்கிறேன், மழுப்பாமல். அப்படி ஓர் இரவு வந்தால் மணி பார்க்காமல் என்னை எழுப்புங்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போவோம்.

என் பங்கும் இதில் இருக்கிறது. விசேஷ வீட்டில் உங்கள் தட்டை எட்டிப் பார்த்து, “அண்ணா, இனிப்பா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டவள் நான்தான். எனக்கும் அதே நோய் இருந்தும் கேட்டேன். மன்னித்துவிடுங்கள். இனி கேட்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை நோட்டை வீட்டில் வைத்துவிட்டு மீட்டரை மட்டும் கொண்டுவாருங்கள். 2.40 மணிப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தால் போதும், வாய் வராவிட்டால். நான் வெளியே நாற்காலியில் இருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

உங்கள் தங்கை