அந்தப் பெண் யாரென்று படத்துக்குள்ளேயே சொல்லுங்கள்

சூப்பர் ஹீரோ படங்களின் அடுத்தடுத்த பாகங்களை எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை என் அக்காள் மகளை உங்களில் ஒருவருடைய படத்துக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு வயது பத்து. முதல் பாகத்தை மூன்று முறை பார்த்தவள். மந்திர சக்தியை எடுக்கும்போதெல்லாம் நாயகனின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் என்று அதில் ஒரு விதி வைத்திருந்தீர்கள் அல்லவா? அந்த விதி அவள் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அவள் வரையும் படங்களில் மற்ற எல்லோருக்கும் காலடியில் நிழல் இருக்கும், அவனுக்கு மட்டும் இருக்காது.

இரண்டாம் பாகத்தில் இருபது நிமிடம் கடந்ததும் கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண் வருகிறாள். நாயகன் அவளைக் கண்டதும் மண்டியிடுகிறான். இசை பெருகுகிறது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தை என் சட்டைக் கையை இழுத்து, "மாமா, இவர் யார்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "பொறு, சொல்வார்கள்" என்றேன். கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இரண்டு பாகங்களுக்கும் இடையில் வந்த ஓடிடி தொடர் ஒன்றின் நான்காவது பகுதியில் அந்தப் பெண் தன் மகனை இழக்கிறாள். படத்தின் பாதிக் கதை அந்த இழப்பின் மேல்தான் நிற்கிறது. அதைப் பார்க்காதவர்களுக்கு அவள் காரணமில்லாமல் அழும் ஒரு அந்நியப் பெண், அவ்வளவுதான்.

என்னை இந்த மடலை எழுத வைத்தது அதுகூட இல்லை. அரங்கை விட்டு வெளியே வரும்போது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமா, நான் சரியாகக் கவனிக்கவில்லையா?" மூன்று முறை பார்த்து, வசனம் வசனமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு சிறுமி, தவறு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டாள். நீங்கள் சொல்லாமல் விட்டதற்கு அவள் கூச்சப்பட்டு நின்றாள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். படத்துக்கு வேண்டிய கதையைப் படத்துக்குள்ளேயே சொல்லுங்கள்.

இது முடியாத காரியமல்ல என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போதே முதல் பாகத்தின் கதையை அலெக்ஸ் ராஸ் வரைந்த ஓவியங்களாகக் காட்டிவிடுவார்கள். பெயர்கள் ஓடி முடிவதற்குள் புதிதாக வந்தவரும் கதைக்குள் வந்துவிடுவார். 2008-இல் வந்த 'ஹெல்பாய் 2' இன்னும் அழகு. வளர்ப்புத் தந்தை, சிறுவனாக இருக்கும் நாயகனுக்குத் தூங்கும் முன் கதை சொல்கிறார். மரப்பொம்மைகள் அசைகின்றன. தங்கப் படையும் மூன்று துண்டான மகுடமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, இந்தக் கிழவருக்கு இந்தப் பிள்ளை எவ்வளவு அருமை என்பது முதல் பாகத்தைப் பார்க்காதவருக்கும் புரிந்துவிடுகிறது.

எங்கள் மொழியில் 'மணிமேகலை' இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கதை அதில்தான் தொடர்கிறது. வேற்றுருக் கொள்ளவும் வானில் செல்லவும் பசியைப் பொறுக்கவும் மந்திரங்கள் பெற்ற ஒரு பெண்ணின் கதை அது. கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி மதுரையை எரித்ததையும் வாசகர் எங்கிருந்தாவது தெரிந்துகொண்டு வரட்டும் என்று சாத்தனார் விட்டுவிடவில்லை. இரண்டாவது காதையிலேயே மாதவி தன் வாயால் தன் துயரத்தைச் சொல்லிவிடுகிறாள். தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே அவள் சொல்லும் இடத்தில், பழைய கதை முழுவதும் நம் மனத்தில் எழுந்து நிற்கிறது. ஒரு தாயைப் பேசவிட்டால் போதும். கறுப்பு அங்கிப் பெண்ணையும் இரண்டு நிமிடம் பேசவிட்டிருக்கலாம்.

தொடர்கள் பெருகியதால் கவனம் சிதறியது என்று, மார்வெல் படங்களை எடுக்கும் டிஸ்னி நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் 2023-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் ஏன் ஒரு படத்தைப் பார்க்க ஏழெட்டு மணி நேரத் தொடரை முன்பாடமாக வைக்கிறீர்கள்?

நிழலைப் பற்றியும் கேட்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் நாயகன் அரை மணி நேரம் சக்தியை வாரி இறைக்கிறான், நிழல் என்ற பேச்சே இல்லை. சக்திக்கு ஒரு விலை உண்டு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால்தானே அவனுக்காகப் பயந்தோம்? முதல் பாகத்தில் செத்துப்போன நண்பனும் ஒரே மந்திரத்தில் எழுந்து வந்துவிட்டான். அன்று அவனுக்காக விசும்பி அழுதவள் இன்று எந்தச் சலனமும் இல்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி நீங்கள் யாரைக் கொன்றாலும் அவள் அழமாட்டாள். கடைசிச் சண்டையோ முழுக்க இருட்டு, யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியவில்லை. அந்தக் காட்சிகளுக்காக இரவு பகலாகக் கணினி முன் உட்கார்ந்த கலைஞர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2023-இல் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள் என்றால், இந்தத் தொழிலில் வேலைச்சுமை எப்படி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவ்வளவு உழைப்பையும் வாங்கி இருட்டில் போட்டு மூடுவது நியாயமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்யும்படி கேட்கவில்லை. தொடர்களை நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அவர்களுக்குக் கூடுதலாக ஒரு மகிழ்ச்சி கிடைக்கட்டும். ஆனால் படத்துக்கு மட்டும் வந்தவரையும் நடுவழியில் விட்டுவிடாதீர்கள். படத்துக்கு வேண்டிய கதை படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாம் பாகம் வரப்போவதாகப் படத்தின் முடிவில் அறிவித்திருக்கிறீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அதற்கு என்னோடு வருவதாகத்தான் சொல்கிறாள். நேற்றும் ஒரு படம் வரைந்தாள். அதில் கறுப்பு அங்கி அணிந்த பெண்ணும் இருக்கிறாள், முகம் மட்டும் வரையப்படவில்லை. அடுத்த படத்தில் அந்தப் பெண் யாரென்று அவளுக்குச் சொல்லுங்கள். தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முதல் பாகத்தை மிகவும் நேசித்த ஒரு பார்வையாளன்