காரில் இல்லாத ஒருவரின் எண்ணை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் விபத்துச் செய்திகளில் ‘குழந்தை காயமின்றித் தப்பியது’ என்று ஒரு வரி வரும். படிப்பவர்களுக்கு அது ஆறுதல். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கோ, அதற்குப் பிறகு அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும் என்ற கவலைதான் வருகிறது. பெற்றோர் நினைவிழந்து கிடக்க, யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் அது யாரோ ஒருவர் இடுப்பில் அழுதுகொண்டிருக்கும்.

ஒரு நாள் இரவு அப்படி ஒரு பெண் குழந்தை என் கைக்கு வந்து சேர்ந்தது. இரண்டரை வயது இருக்கும் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். ஒரு காலில் மட்டும் செருப்பு; தலைமுடியெல்லாம் கண்ணாடித் துணுக்கு. பெயரைக் கேட்டேன். “பாப்பா” என்றது. அம்மா பெயர் என்ன என்றேன். “அம்மா.” அப்பா பெயர்? “அப்பா.” அந்த வயதுக்கு அதைவிடச் சரியான பதில் ஏது? பெற்றோரின் கைபேசிகளில் ஒன்று நொறுங்கிவிட்டது, மற்றொன்று பூட்டியிருந்தது. நல்ல வேளையாக அந்தப் பூட்டிய கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்பதற்காகக் குழந்தையின் பாட்டி அழைத்திருந்தார். குழந்தைக்கு வலிப்பு வருவதுண்டு, இரவு மருந்து தவறக் கூடாது என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஓர் அட்டையில் நாலு வரி எழுதிக் குழந்தையின் கார் இருக்கையில் (குழந்தைக்கென்று காரில் தனியாகப் பொருத்தும் இருக்கை) வைத்திருந்தால் அந்த அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. இதைச் செய்கிற பெற்றோர்கூட ஒரு தவறு செய்கிறார்கள். தங்கள் இருவரின் எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். அந்தக் கைபேசிகள் இரண்டும் அதே காரில்தானே இருக்கும்? தாத்தா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று அந்தக் காரில் பயணம் செய்யாத ஒருவரின் பெயரும் எண்ணும் கட்டாயம் வேண்டும். இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது.

குழந்தையின் முழுப் பெயரோடு வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுதுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அடிபட்ட குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறக்கிறதா, திரும்பிப் பார்க்கிறதா என்று கவனிப்பது நினைவு எப்படி இருக்கிறது என்று அறியும் முதல் வழிகளில் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயருக்குப் பல குழந்தைகள் திரும்புவதே இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையோ காது கேளாத குழந்தையோ என்றால் அதையும் எழுத வேண்டும். கூப்பிட்டும் அசையாமல் இருந்தால், தலையில் அடிபட்டு நினைவு தப்புகிறது என்று மீட்க வருபவர் எண்ணிவிட இடமுண்டு.

பிறகு ஒவ்வாத மருந்துகள், வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு, இரத்தம் உறையாத நோய், தினமும் கொடுக்கும் மருந்து. எல்லோரும் முதலில் எழுதுவது இரத்த வகையைத்தான். எழுதுவதில் தவறில்லை, ஆனால் அட்டையை நம்பி எந்த மருத்துவமனையும் இரத்தம் ஏற்றாது, சோதித்துப் பார்த்துக்கொள்ளும். மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. எடையோ மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே வயதை வைத்து எடையைத் தோராயமாகக் கணிக்க உதவும் பிறந்த தேதியை எழுதிவிடுங்கள், அது என்றும் மாறாது. ஒரே காரில் இரண்டு குழந்தைகள் என்றால் அட்டையில் புகைப்படமும் ஒட்டுங்கள். பிள்ளைகள் இடம் மாறி உட்காருவார்கள்.

அட்டையை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்குக் குழந்தையின் பெயர் தெரியக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ அட்டையை வைத்து, ‘அவசர விவரம் இங்கே’ என்று மட்டும் வெளியே தெரியும்படி ஒட்டினால் போதும். பசையும் மார்க்கர் மையும் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கக்கூடும் என்பதால் இருக்கையோடு வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வார்ப்பட்டையிலும் கொக்கியிலும் எதையும் கட்ட வேண்டாம். எழுத்து ஈரத்தில் கரையாமல் இருக்க லேமினேட் செய்துகொள்ளலாம்.

மீட்கும்போது குழந்தை ஒரு வண்டியிலும் இருக்கை சாலையோரத்திலுமாகப் பிரிந்துபோவதும் உண்டு. அதனால் காலணியின் உட்புறத்திலோ சட்டையின் உள்மடிப்பிலோ வேறொரு சிறு சீட்டில் பெயரும் ஓர் எண்ணும் இருக்கட்டும். எங்களிடம் வந்த குழந்தைக்கு மிஞ்சிய அந்த ஒற்றைச் செருப்பில் அப்படி ஒரு சீட்டு இருந்திருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இருக்கை தயாரிப்பவர்கள், எல்லா இருக்கையிலும் ஒரே இடத்தில் இந்த அட்டைக்கு ஓர் உறை வைத்துக் கொடுத்தால், மீட்க வருபவர் தேடாமல் அங்கேயே கை வைப்பார். அது நடக்கும்போது நடக்கட்டும். தங்களிடம் ஒரு வேண்டுகோள்: வெட்டி எடுத்து நிரப்பும்படியாக இந்த விவரங்களுக்கான ஒரு படிவத்தைத் தங்கள் இதழில் ஒரு மூலையில் அச்சிடுங்கள். ‘காரில் இல்லாத உறவினர்’ என்ற கட்டம் பெற்றோரின் எண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்