இனிப்புநீருக்கு இல்லாத வயது வரம்பு ஓட்டத்துக்கு ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களை ஓட வைக்கிறோம் என்று சொல்லி மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்று தொடங்கிய திட்டத்துக்கு நானும் விண்ணப்பித்தேன். ஆறு மாதப் பயிற்சி, பயிற்றுநர், சப்பாத்து, கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார், ஆண்டுக் கடைசியில் ஒரு மாரத்தானில் குழுவாக ஓடும் வாய்ப்பு, எல்லாமே அவர்கள் செலவு. மூன்றே நாளில் பதில் வந்தது. வயது 21 முதல் 50 வரை இருக்க வேண்டுமாம். எனக்கு 61.

காரணம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஆன்ட்டி, விதி அப்படி, இன்சூரன்ஸ் பிரச்சினை" என்றார். எனக்கு இருப்பது எந்த வகை, எத்தனை வருடமாக இருக்கிறது, என்ன மாத்திரை எடுக்கிறேன், இருதயம் எப்படி இருக்கிறது என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான் பிறந்த வருடத்தைப் பார்த்ததுமே முடிவு எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இனிப்புநீர் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இப்போது இளவயதிலும் அது வருகிறது என்றாலும், நாற்பதைத் தாண்டியவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. 2023இல் அது 15.6 விழுக்காடு. வயது ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. இனவாரியாகப் பார்த்தால் முதலில் நிற்பவர்கள் இந்தியர்களாகிய நாம்தான். அப்படியிருக்க, இனிப்புநீர்க்காரர்களுக்கான ஒரு திட்டம் 50 வயதோடு கதவைச் சாத்தினால், நோயாளிகளில் பெரும்பகுதியினர் வெளியில்தானே நிற்பார்கள்? அதே நிறுவனத்தின் ரத்தச் சோதனைக் கருவிக்கான விளம்பரம் எங்கள் வட்டார மருந்துக்கடையில் தொங்குகிறது. அதில் சிரித்துக்கொண்டிருப்பது நரைத்த தலையோடு ஒரு தாத்தாவும் பாட்டியும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 31 வருடம் ஷிப்ட் வேலை பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே செய்கிற வேலை. 49 வயதில், தாகம் அடங்கவில்லை என்று அரசாங்க கிளினிக்குக்குப் போனபோது சர்க்கரை 14 மில்லிமோல் (மில்லிகிராம் கணக்கில் சுமார் 250) என்றார்கள். எனக்கு உடனே அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருக்கு 58 வயதில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய ஆணி இரண்டு நாள் காலிலேயே இருந்தது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது.

தாவரவியல் பூங்காவில் நடக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுவேன். பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓட முடிந்தது. பினாங்குப் பாலத்தில் அரை மாரத்தானை நான்கு முறை முடித்திருக்கிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 10.2 விழுக்காட்டிலிருந்து 6.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. முன்பு எடுத்துக்கொண்டிருந்த, உடலை இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிக்கிளசைட் மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். இப்போது மெட்ஃபார்மின் மட்டும்தான்.

பாலத்து ஓட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெயிலுக்குப் பயந்து அதை இருட்டிலேயே நடத்துகிறார்கள். முழு மாரத்தான்காரர்கள் நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். இனிப்புநீர்க்காரர்களுக்கு அந்த நேரம்தான் சிரமம். எப்போது சாப்பிடுவது, மாத்திரையை எப்போது போடுவது, தூக்கமில்லாமல் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கிளம்பும் முன் விரலில் குத்திப் பார்ப்பேன். ஐந்துக்குக் கீழே இருந்தால் இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு, ஏறும்வரை காத்திருப்பேன். பதினான்குக்குப் பக்கத்தில் போயிருந்தால் அன்றைக்கு ஓட்டத்தைப் பற்றி மறுபடி யோசிப்பேன். இடுப்புப் பையில் குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கிளினிக்கில் வருடந்தோறும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். கண்ணின் பின்புறத்தைப் படம் எடுக்கிறார்கள். டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி.யும் எடுத்தாயிற்று. இந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. விண்ணப்பத்தோடு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமல் மாரடைப்பு வரலாம் என்று என் டாக்டரே எச்சரித்திருக்கிறார். அதனால்தான் அந்த டிரெட்மில் சோதனை. ஆனால் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழும் ஆபத்து யாருக்கு அதிகம்? இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அது அரிது. என்னோடு ஓடும் 28 வயதுத் தம்பி முதல் வகைக்காரர், ஒரு நாளைக்கு நான்கு இன்சுலின் ஊசி போடுபவர். அவருக்குத் திட்டத்தில் இடம் கிடைத்தது. மனதார வாழ்த்தினேன், அவருக்கு அது நிச்சயம் வேண்டும். இருந்தாலும் நடுப்பாலத்தில் கவனமாக இருக்க வேண்டியவர் என்னைவிட அவர்தான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அவருக்கு மருத்துவர் கடிதம் போதும் என்றால் எனக்கு ஏன் போதாது?

இன்னொன்றும் உண்டு. ஓடும்போது தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஓடி முடித்து ஒரு நாள் வரை அதன் பலன் இருக்கும். வயதாக ஆக அந்தத் தசையே கரைகிறது. ஆகவே பயிற்றுநரும் சரியான சப்பாத்தும் 25 வயதுக்காரரைவிட 60 வயதுக்காரருக்குத்தான் அதிகம் தேவை. சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பதினான்கு நாள்தான் வரும், விலையோ 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அதை மாதம் இரண்டு வாங்க முடியுமா?

இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஃபௌஜா சிங்கைச் சொல்வார்கள். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியவர், 100 வயதில் டொரொண்டோவில் ஓடி முடித்தவர். வணங்கத்தக்க மனிதர். ஆனால் அவரை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவரைப் போல இருந்தால்தான் சேர்ப்போம் என்றால் அதுவும் ஒரு கதவடைப்புதான். நான் பேசுவது பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, மெதுவாக, ஆனால் விடாமல் ஓடுகிற சாதாரண மக்களைப் பற்றி.

2013 முதல் நம் நாட்டில் தனியார் துறை ஊழியரை, வயதைக் காரணம் காட்டி, 60க்கு முன் ஓய்வுபெறச் செய்யக்கூடாது. அதனால்தான் 60 வரை அந்தத் தொழிற்சாலையில் நின்றேன். பந்தயக் குழுக்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்று பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. ஆகவே வழக்குப் போட முடியாது, கேட்கத்தான் முடியும்.

கேட்கிறேன். 50 என்ற எண்ணை எடுத்துவிட்டு, மருத்துவர் கடிதத்தையும் இருதயச் சோதனையையும் எல்லா வயதினரிடமும் கேளுங்கள். அதில் நான் தேறாவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இன்சூரன்ஸ் நிறுவனம்தான் மறுக்கிறது என்றால், எந்த வயதுக்கு என்ன கட்டணம் கேட்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூடுதல் பணத்தைச் சிலர் நாங்களே கட்டிக்கொள்வோம். இடம் குறைவு என்றால் குலுக்கல் போடுங்கள். அடுத்த ஆண்டுப் படிவம் அச்சுக்குப் போகும் முன் இது அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டு பெண்களை நான்தான் இந்தத் திட்டத்தைச் சொல்லி ஓட்டத்துக்கு இழுத்து வந்தேன். ஒருவருக்கு 57, இன்னொருவருக்கு 64. இருவரும் மூன்று மாதமாகக் காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கி வந்துவிடுகிறார்கள். எனக்கு வந்த பதிலை அவர்களிடம் இன்னும் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குளுகோர், பினாங்கு