தொகுப்பில் வெட்டப்படும் நொடிகள்: பழுதுபார்ப்புக் காணொளி வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

எல்.இ.டி. பல்பு, இண்டக்‌ஷன் அடுப்பு, தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு, இன்வெர்ட்டர் ஆகியவற்றை வீட்டிலேயே பழுதுபார்ப்பது எப்படி என்று தமிழில் காணொளி வெளியிட்டுவரும் அன்பர்களுக்கு, இதே தொழிலில் இருக்கும் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

பழுதுபார்ப்பதைக் கடைக்காரர்கள் மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்குக் கிடையாது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. சர்க்யூட் வரைபடம் கிடைக்காத பொருள்களைத் திறந்து, எந்தப் பாகம் எதற்கு என்று தமிழில் விளக்கும் வேலையை அதற்கு முன்பிருந்தே உங்களில் பலர் செய்துவந்தீர்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களில் பலருக்கு நீங்கள்தாம் முதல் ஆசான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பார்ப்பவர் உங்கள் வாய் சொல்வதைவிட உங்கள் கை செய்வதைத்தான் பின்பற்றுகிறார். அந்தக் கை செய்யும் வேலையில் உயிரோடு தொடர்புடைய சில நொடிகளைத்தான், காணொளி நீண்டுவிடும் என்று கருதி, தொகுப்பின்போது நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள்.

பெரும்பாலான காணொளிகளில் ‘ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்’ என்ற ஒரே வரியோடு பாதுகாப்புப் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் போர்டு உள்ளங்கையில் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட், எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரத்தை வேகமாக ஸ்விட்ச் செய்து வேண்டிய அளவுக்கு மாற்றும் பவர் சப்ளை) போர்டில் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரை அடுத்து நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) அந்த உச்சம் வரை மின்னூட்டம் பெறுகிறது, பி.எஃப்.சி. (மின்திறன் காரணியைச் சீராக்கும்) பகுதி உள்ள பெரிய தொலைக்காட்சிகளில் அது 400 வோல்ட்டை நெருங்குகிறது. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நின்றால் 11 ஜூலுக்கு மேல் ஆற்றல் அதில் காத்திருக்கிறது என்று பொருள். நல்ல நிலையில் உள்ள போர்டு, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஓரிரு நொடி இயங்கி, அந்த மின்னூட்டத்தின் பெரும்பகுதியைத் தானே தின்று தீர்த்துவிடும். ஸ்விட்ச்சிங் பகுதி செத்துப்போன போர்டில் அதைத் தின்ன ஆள் இல்லை; வடிப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டரும் உள்ளே அறுந்துபோயிருந்தால், மின்னூட்டம் நெடுநேரம் அப்படியே நிற்கும். நம் மேசைக்கு வருவதோ செத்த போர்டுதான். ஆகவே ‘என் வீட்டில் இப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவம், ஓடிக்கொண்டிருந்த போர்டைத் திறந்து பார்த்தவருக்கு வாய்த்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

சிலர் இதை அறிந்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் கெப்பாசிட்டரின் இரு கால்களையும் சேர்த்து ‘டப்’ என்று தீப்பொறி பறக்க வைக்கிறார்கள். திரையில் அது நன்றாகத்தான் எடுபடுகிறது. ஆனால் தெறிக்கும் உலோகத் துணுக்கு கண்ணுக்குக் கேடு, போர்டின் செப்புத் தடத்துக்கும் கேடு. அதைவிட, முழுவதும் வடிந்துவிட்டதா என்பது அந்தச் சத்தத்தால் உறுதியாகாது. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பி வைத்து, கெப்பாசிட்டரின் கால்களில் ஐந்து நொடி பிடித்தால் 220 மைக்ரோஃபாரட் அமைதியாக வடிந்துவிடும். பல்பு ஹோல்டரில் பழைய குண்டு பல்பை மாட்டி அதைக் கொண்டு வடிப்பவர்களும் உண்டு. பல்பு ஒரு கணம் மினுங்கி அணைவது படப்பிடிப்புக்கும் உகந்ததுதான். எந்த முறையானாலும், அதன் பிறகு மல்டிமீட்டரை டி.சி. அளவில் வைத்து, எண் சில வோல்ட்டுக்குக் கீழே வந்ததைத் திரையில் காட்டிவிட்டுப் போர்டைத் தொடுங்கள். நான் கேட்பதில் முதன்மையானது இதுதான்: அந்த எண் தெரியும் காட்சியை வெட்டாதீர்கள்.

அடுத்தது சீரிஸ் போர்டு. பழுதான பொருளை 100 வாட் பல்போடு தொடராக இணைத்துச் சோதிப்பது நல்ல பழக்கம். ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், புதிதாகப் போட்ட பாகம் வெடிக்காமல் தப்பும். ஆனால் ‘சீரிஸில் போட்டிருக்கிறேன், ஷாக் அடிக்காது, தைரியமாகத் தொடலாம்’ என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. எரியாத பல்பின் இழைக்குச் சில பத்து ஓம் தடைதான் உண்டு. ஈரமான கையுள்ள மனித உடலின் தடை ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். அந்தச் சுற்றில் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது உடலே தவிர பல்பு அல்ல. இதயத் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும் என்னும்போது, 400 மில்லி ஆம்பியருக்கு மேல் விடக்கூடிய 100 வாட் பல்பு எவரையும் காப்பாற்றாது. சீரிஸ் போர்டு பொருளைக் காக்கும். ஆளைக் காக்க, பொருளை மின்வழியிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் ஒரு புள்ளியை மட்டும் தொட்டால்தான்.

ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் அது கட்டாயம் வேண்டும். ஃபேஸிலிருந்து உடல் வழியாகத் தரைக்குப் பாயும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் சிறு பகுதிக்குள் அது துண்டித்துவிடும். ஆனால் ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், உடலும் ஒரு மின்கருவி என்றே அதற்குத் தோன்றும். கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பதை அது அறியவே அறியாது.

எல்.இ.டி. பல்பு பழுதுபார்ப்பு உங்கள் காணொளிகளில் மிகுதியாகப் பார்க்கப்படுவது என்பதால் அதைத் தனியே சொல்ல வேண்டும். கருகிய ஒரு சிப்பைக் கண்டுபிடித்து, அதன் இரு முனைகளையும் ஈயத்தால் இணைத்து, பல்பை எரியவிட்டுக் காட்டுகிறீர்கள். மலிவான பல்புகளில் சிப்புகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று பெரும்பாலும் மின்வழியிலிருந்து பிரிக்கப்படாதது. சிப்புகளுக்குப் போவது டி.சி.யே ஆனாலும், அதில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் நேரே மெயின் மின்சாரத்தைத் தொட்டதாகவே ஆகும். வெள்ளை மூடியைக் கழற்றிய நிலையில், எரியும் பல்பைக் கையில் பிடித்தபடி ட்வீசரால் ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுக் காட்டுவது எத்தனை ஆபத்து என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள் என்ற நினைவோடு எண்ணிப்பாருங்கள். மூடி உடைந்த பல்பை அப்படியே மாட்டிப் பயன்படுத்தலாம் என்ற யோசனையையும் கைவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலும் இதே நிலைதான்: அதன் கிரவுண்டு நாம் நினைக்கும் தரை இல்லை, ஐ.ஜி.பி.டி. (சுருளுக்குப் போகும் மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் பாகம்) உட்கார்ந்திருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கிலும் மின்சாரம் இருக்கக்கூடும்.

மைக்ரோவேவ் அடுப்பின் உயர் அழுத்தப் பகுதியைப் பற்றி நான் கேட்பது வேறு: அதை வீட்டில் செய்யும் வேலையாகக் காட்டவே வேண்டாம். அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ 2,000 வோல்ட் தருகிறது. கெப்பாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை 4,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு அனுப்புகின்றன. உயர் அழுத்தச் சுருளின் ஒரு முனை தகரக் கூட்டோடு இணைந்திருப்பதால், கூட்டில் ஒரு கையை ஊன்றியிருப்பவர் மறு கையால் ஒரு முறை தவறினாலே போதும், ஆள் பிழைப்பது அரிது. நம் கையிலிருக்கும் சாதாரண மீட்டர் 1,000 வோல்ட்டுக்கு மேல் அளக்கவும் தகுதியற்றது. அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிரித்தெடுத்து மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கும் காணொளிகள் வெளிநாட்டில் பரவியபோது அதைப் பார்த்துச் செய்தவர்கள் உயிரிழந்தார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த முறையையே தடைசெய்தது. கதவு ஸ்விட்ச்சை ஷார்ட் செய்து ஓட்டிக் காட்டுவதும் இதே வரிசையில் சேர்க்க வேண்டியதுதான்.

சிறியவை சிலவும் உண்டு. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் அதன் வழியில் 230 வோல்ட் தொடர்ந்து வரும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மஞ்சள் நிற மலிவு மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. அதில் கம்பியை வைத்தபடி வோல்ட் அளக்கப் போனால் மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செப்பு இழையைச் சுற்றி ‘இப்போதைக்கு இது போதும்’ என்று காட்டுவதும், மூன்று முனை ப்ளக் போன இடத்தில் இரண்டு முனை ப்ளக்கைப் போட்டு எர்த் கம்பியை நறுக்கிவிடுவதும், அந்தப் பொருளை நாளை தொடப்போகும் வீட்டுக்காரருக்குச் செய்யும் துரோகம்.

இறுதியாக, ஏற்கெனவே வெளியாகி இன்னும் பார்க்கப்பட்டுவரும் பழைய காணொளிகள். அவற்றை நீக்கச் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தில் கெப்பாசிட்டரை வடித்து அளக்க வேண்டும் என்பதை நிமிடக் கணக்கோடு விளக்கக் குறிப்பின் முதல் வரியிலும், மேலே பொருத்தி வைக்கும் பின்னூட்டத்திலும் எழுதுங்கள்; மைக்ரோவேவ் காணொளிகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஷாக் அடித்துக் கிடப்பவரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள ஒருவன்