கடல் விழுங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவக் குப்பங்களைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தியில், 'சீற்றம் கொண்ட கடல் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி வருகிறது' என்று ஒரு வரி. அந்தக் குப்பங்களில் ஒன்றில் பிறந்தவள் நான். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

என் அப்பா கரைவலை இழுத்தவர். இரண்டு பக்கமும் வரிசையாக ஆள் நின்று இழுக்கவும், அப்புறம் அதே வலையை விரித்துக் காயப்போடவும் எங்கள் கரையில் மணல் இருந்தது. அந்த மணல் ஒரே இடத்தில் கிடந்ததில்லை ஐயா. தெற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை சாய்வாக ஏறி மணலை வடக்கே நகர்த்தும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் கொஞ்சம் தெற்கே போகும். தெற்குக் காற்றுக்குத்தான் மாதங்கள் அதிகம், அதனால் வருஷக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து வந்துகொண்டே இருந்ததால்தான் எங்களுக்குக் கரை இருந்தது.

1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் கல் கொட்டினார்கள். வந்த மணல் தெற்கேயே நின்றுவிட்டது. தேங்கும் மணலை பம்ப் வைத்து வடக்கே தள்ளுவதும் அந்தத் திட்டத்தில் இருந்தது, ஆனால் அது தொடர்ந்து நடக்கவில்லை. முதலில் நகரத்துக் கடற்கரை போயிற்று, அங்கே கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு வடக்கே கரை கரைந்தது, அங்கேயும் கல். இப்படிக் குப்பம் குப்பமாக நகர்ந்து எங்கள் வாசலுக்கு வந்தது. 1876-ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் உங்களுக்குத் தெரியாததில்லை.

இது ஒரு வரிக்கான கோபம் மட்டும் இல்லை. 2011-ல் தானே புயலுக்குப் பிறகு உங்கள் புகைப்படக்காரர் வந்தார். என் அண்ணன் வீட்டில் ஒரு சுவர்தான் மிச்சம். அதில் பச்சை பெயின்ட்டும் காலண்டர் மாட்டிய ஆணியும் அப்படியே இருந்தன. அந்தப் படத்துக்குக் கீழே 'இயற்கையின் சீற்றம்' என்று போட்டீர்கள். அண்ணன் ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனபோது, அதிகாரி அந்தப் பக்கத்தையே எடுத்துக் காட்டி, "கடல் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்றார். நாங்கள் தூண்டில் வளைவு கேட்டோம், அதாவது மணலைப் பிடித்து நிறுத்தக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு. அது வந்தால் தங்கள் கரை போய்விடும் என்று வடக்கே அடுத்த ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். அதை நீங்கள் 'மீனவர்கள் மோதல்' என்று எழுதினீர்கள். சொந்தக்காரர்களோடு நாங்கள் ஏன் மல்லுக்கு நிற்க வேண்டி வந்தது என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். செய்தியோடு போட்ட வரைபடம் எங்கள் ஊரில் தொடங்கி வடக்கே போகிறது, துறைமுகமே அதில் இல்லை. தயவுசெய்து அதை இரண்டு விரற்கடை தெற்கே நீட்டி மறுபடி வெளியிடுங்கள். கத்தரித்து வைத்துக்கொள்கிறோம். அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது அண்ணன் கையிலும் காட்ட ஒரு பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி